முந்துதாக்குதல்: இதில் 'காப்பு' எங்கிருந்து வந்தது?

2019 பிப்ரவரி 26 அன்று டெல்லியில் வெளியுறவுச் செயலர் விஜய் கோகலே, பாகிஸ்தானின் பாலாகோட்டில் இந்திய விமானப்படை நடத்திய தாக்குதல் பற்றிய அறிக்கையை வாசித்தார். ஆங்கில அறிக்கைகளைத் தமிழில் தருவதுதான் இங்கே என் பிழைப்பு. மளமளவென்று எழுதிக்கொண்டே வந்தவன், 'நான் மிலிட்டரி ப்ரீஎம்ப்டிவ் ஆக்‌ஷன்' (non-military preemptive action) என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

பக்கத்து மேஜை அக்கா மதுரைக்காரர். "வருமுன் காப்பு நடவடிக்கைன்னு போடுங்க தம்பி, அழகா இருக்கும்" என்றார். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் உறுத்தியது.

முதலில் 'நான் மிலிட்டரி'. பாகிஸ்தான் ராணுவ நிலைகள் குறியல்ல என்பதே அங்கே அதன் பொருள். 'ராணுவம் சாராத' என்று எழுதினால், குண்டு வீசியது விமானப்படை என்பதே வாசகருக்கு மறைந்துபோகும்.

அப்புறம் 'ப்ரீஎம்ப்டிவ்'. லத்தீனில் 'ப்ரே' என்றால் முன், 'எமெரே' என்றால் வாங்குவது. பிறர் வாங்கும் முன் தான் வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான். நிலத்தை விற்கும்போது பங்காளிக்கோ பக்கத்து நிலக்காரருக்கோ உள்ள முதல் உரிமையைக் குறிக்க நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. 1913இல் பஞ்சாபில் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. ஆக, வேரில் இருப்பது முந்திக்கொள்வது மட்டுமே. தற்காப்பு என்ற நியாயம் பிற்பாடு ஏறிய பொருள்.

அந்த நியாயத்துக்கு அளவுகோல் தந்தது ஒரு நீராவிக் கப்பல். 1837 டிசம்பரில், கனடாக் கிளர்ச்சிக்காரர்களுக்குப் பொருள் ஏற்றிச் சென்ற 'கரோலைன்' கப்பலை, பிரிட்டிஷ் படையினர் நயாகரா ஆற்றின் அமெரிக்கக் கரைக்கே வந்து எரித்தார்கள். ஆபத்து அந்தக் கணமே வந்து நிற்க வேண்டும், வேறு வழியோ யோசிக்க நேரமோ இருக்கக் கூடாது, அப்போதுதான் முந்தலாம் என்று 1841இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் எழுதினார். ஐ.நா. சாசனத்தின் 51ஆம் பிரிவு இன்னும் கறார்: ஆயுதத் தாக்குதல் நடந்தால் தற்காப்பு உரிமை என்கிறது.

என்றைக்கோ வரக்கூடிய ஆபத்துக்காக இன்றே அடிப்பது வேறு. அது 'ப்ரிவென்டிவ்', அதாவது தடுப்புப் போர். 1981இல் இராக்கின் அணு உலையை இஸ்ரேல் தகர்த்தபோது, தற்காப்பு என்ற வாதத்தை ஏற்காமல் பாதுகாப்பு அவை 487ஆம் தீர்மானத்தில் கண்டித்தது. 2002இல் அமெரிக்காவின் பாதுகாப்புக் கொள்கை ஆவணம் இரண்டையும் 'ப்ரீஎம்ப்ஷன்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. மறு ஆண்டே இராக் போர். பேரழிவு ஆயுதக் கிடங்கு எதுவும் அங்கே கிடைக்கவில்லை. ஒரு சொல்லைக் கலங்கலாக விடுவதன் விலை இது.

இப்போது தமிழுக்கு வருவோம். 'வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை' என்ற 435ஆம் குறள் இருப்பது குற்றங்கடிதல் அதிகாரத்தில். தன் குற்றம் தன்னிடம் வராமல் காப்பதைச் சொல்கிறது அது. தன் குற்றம் நீக்கிப் பிறர் குற்றம் காண் என்று அடுத்த குறள் அரசனுக்கே சொல்கிறது. அந்தத் தொடரைக் குண்டுவீச்சுக்குச் சூட்ட எனக்கு மனம் வரவில்லை. சூட்டினால், நியாயம் உண்டா என்று வாசகர் யோசிக்கும் முன்பே மொழிபெயர்ப்பாளர் தீர்ப்புச் சொன்னதாகிவிடும்.

'முந்துதாக்குதல்' போதும் என்பது என் முடிவு. செய்ததைச் சொல்கிறது, நல்லது கெட்டது சொல்லவில்லை. ஆபத்து நெருங்கிவிட்டதால் அடித்தோம் என்பது அரசின் கூற்றானால், 'என்று அரசு கூறியது' என்று சேர்த்துவிடலாம். நாளைய ஆபத்துக்கு இன்றே அடித்தால் 'தடுப்புத் தாக்குதல்'. இரண்டையும் கலக்கவே கூடாது.

2025 மே 7 அன்று, ஆபரேஷன் சிந்தூர் பற்றி அப்போதைய வெளியுறவுச் செயலர் விக்ரம் மிஸ்ரி பேசியபோது அந்தச் சொல் மறுபடி வந்தது. இந்த முறை வினைச்சொல்லாக: பதிலடி தரவும், 'ப்ரீஎம்ப்ட்' செய்யவும் இந்தியா தன் உரிமையைப் பயன்படுத்தியதாகச் சொன்னார். அக்கா என்னைக் கேட்கவில்லை. 'முந்திக்கொள்ளவும்' என்று தானே தட்டச்சு செய்து, மேலே 'என்றார் மிஸ்ரி' இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொண்டார்.