மாந்திரீகம் அல்ல, உள்ளுறை

“இன்னா சார், மாந்திரீகம் கத்துக் குடுக்கிறீங்களாமே? வயசுப் பொண்ணு சார் அது.”

வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு வாசலில் நின்று ஓர் அம்மா இப்படிக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டுக்கு வரும் நால்வரில் அவர் மகளும் ஒருத்தி. டாரோ என்பது பலர் எதிர்காலம் சொல்லப் பயன்படுத்தும் ஐரோப்பியப் படச்சீட்டு. வாரம் ஒரு சீட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அதில் வரைந்திருப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, எதைச் சுட்டுகிறது என்று பேசுவோம். யாருக்கும் எதிர்காலம் சொல்வதில்லை, காசு வாங்குவதும் இல்லை. அந்த அம்மாவின் கையில் ஒரு நோட்டீஸ் இருந்தது. எங்களுடையது அல்ல, காட்பாடிப் பக்கம் யாரோ நடத்திய ஒருநாள் வகுப்புக்கானது. ஆங்கிலத்தில் ‘எஸோடெரிக் சிம்பாலிசம்’ என்று அடித்திருந்ததற்குக் கீழே, தமிழில் ‘டாரோ சீட்டுகளின் மாந்திரீகக் குறியீடுகள்’ என்று போட்டிருந்தது. மகளின் பையில் இருந்த சீட்டுக்கட்டையும் இந்த நோட்டீசையும் அவர் சேர்த்துப் பார்த்திருக்கிறார். சீட்டுக்கட்டை எலுமிச்சம்பழத்தோடு முச்சந்தியில் போட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாந்திரீகம் என்று எழுதிய தாளைப் பார்த்தால் எந்தத் தாயும் அதைத்தான் செய்வார். என் கோபமெல்லாம் அந்தச் சொல்லை அங்கே வைத்தவர்மேல்தான். இதை நான் பார்ப்பது முதல் தடவையும் அல்ல. காணொளித் தலைப்புகளில், புத்தகக் கடையில் புரட்டிய மொழிபெயர்ப்பில், ஒரு நண்பர் அனுப்பிய குரல் பதிவில் என்று எங்கும் எஸோடெரிக் என்றால் மாந்திரீகம்தான். இனியும் பேசாமல் இருப்பது சரியில்லை என்று எழுதுகிறேன்.

எஸோடெரிக் என்ற சொல்லின் பிறப்பில் பெரிய சிக்கல் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் ‘எஸோ’ என்றால் உள்ளே. ‘எஸோடெரோ’ என்றால் இன்னும் உள்ளே. அதிலிருந்து ‘எஸோடெரிகோஸ்’, அதாவது உள்ளுக்குரியது, உள்வட்டத்தாருக்குரியது. அதன் எதிர்ச்சொல்லான ‘எக்ஸோடெரிக்’, வெளிக்குரியது, அரிஸ்டாட்டில் எழுத்திலேயே வருகிறது. இந்த வேரில் மந்திரம் இல்லை, ஏவல் இல்லை, பயமுறுத்தும் எதுவும் இல்லை. உள், வெளி என்ற இரண்டு திசைகள்தான் இருக்கின்றன. பாட்டையே அகம், புறம் என்று பிரித்து வைத்த மொழிக்கு இது தூரத்துச் சரக்கே அல்ல.

அப்புறம், டாரோ. இது பிரெஞ்சு வழி வந்த பெயர், கடைசி எழுத்து அங்கே ஒலிக்காது. ‘டாரட்’, ‘டாரோட்’ என்பவை எழுத்தைப் பார்த்துப் படித்தவை. டாரோ என்றே எழுதலாம். கூடவே ‘அட்டை’யையும் விட்டுவிடலாம். அட்டை ரேஷனுக்கும் ஆதாருக்கும் இருக்கட்டும். கலைத்து, அடுக்கி, எடுப்பதற்கு நம் ஊரில் சீட்டு என்றுதான் பெயர்.

மாந்திரீகத்துக்கு வருகிறேன். மந்திரம் என்றால் என்ன என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது: “நிறைமொழி மாந்தர் ஆணையின் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.” இதில் கிளத்தல் இருக்கிறது, ஆணை இருக்கிறது. வாயால் சொல்வது, சொல்வதால் ஒன்றை நடக்கவைப்பது மந்திரம். மாந்திரீகம் அந்த வேலையைத் தொழிலாகச் செய்வது. டாரோ சீட்டு பேசாது. யாருக்கும் எதற்கும் ஆணையிடாது. அதை வைத்துக்கொண்டு நாம் செய்வது பார்ப்பதும் படிப்பதும்தான். படிக்கிற வேலைக்குச் செய்வினைக்காரரின் பெயரை வைத்தால் சொல்லும் கெடுகிறது, படிப்பும் கெடுகிறது.

இலக்கணம் கிடக்கட்டும், வழக்கைப் பார்ப்போம். வேலூரிலோ குடியாத்தத்திலோ ஆரணியிலோ மாந்திரீகம் என்று சொல்லிப்பாருங்கள். தகடு, தாயத்து, பில்லி, சூனியம், வைப்பு, இதெல்லாம்தான் கேட்பவர் மனதில் வரும். யாரோ யாருக்கோ கெடுதல் செய்கிறார்கள், அல்லது செய்ததை எடுக்கிறார்கள். ‘மந்திரம்’ உயர்ந்த சொல்லாயிற்றே, ‘மாந்திரீகம்’ ஏன் தாழ வேண்டும் என்று ஒரு நண்பர் கேட்டார். தாழ வேண்டாம்தான். ஆனால் சொல்லின் பொருளை நீங்களும் நானும் உட்கார்ந்து உயர்த்த முடியாது. கேட்டதும் ஒரு தாய்க்கு வயிற்றைக் கலக்குகிறது என்றால் அந்தக் கலக்கம்தான் இன்றைக்கு அதன் பொருள்.

ஒன்றை நான் ஒத்துக்கொள்ள வேண்டும். மாந்திரீகம் என்று எழுதுபவர்களுக்கு நிற்க ஒரு கால் இருக்கிறது. 1888இல் லண்டனில் தொடங்கிய ‘கோல்டன் டான்’ என்ற குழு சடங்குகள் செய்தது, டாரோவையும் தன் பாடத்தில் வைத்திருந்தது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் 1909ஆம் ஆண்டுச் சீட்டுக்கட்டை உருவாக்கிய ஏ. இ. வெயிட்டும், அதன் படங்களை வரைந்த பமேலா கோல்மன் ஸ்மித்தும் அந்தக் குழுவில் இருந்தவர்கள். சரி, அவர்கள் சடங்கு செய்தார்கள். அந்தச் சடங்குக்கு வேண்டுமானால் மாந்திரீகம் என்று எழுதுங்கள். அவர்கள் வரைந்து வைத்துவிட்டுப் போன படத்தின் பொருளைத் தேடுவதற்கு அது எப்படிப் பெயராகும்?

வள்ளிமலையை எடுத்துக்கொள்ளுங்கள். காட்பாடியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்டது, விக்கலெடுத்துத் தண்ணீர் கேட்டது, யானை வந்து மிரட்டியதும் வள்ளி ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டது, எல்லாம் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதை. வள்ளி என்பது உயிர், கிழவன் இறைவன், யானை உயிரை அவனிடம் தள்ளிவிடும் அச்சம் என்று கதை சொல்பவர் விரிப்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். அது அசல் எஸோடெரிக் விளக்கம். அதை மாந்திரீகம் என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? சொன்னால் சண்டைக்கு வரமாட்டார்களா? நம் கதைக்கு ஒரு நியாயம், இத்தாலியில் பிறந்த படத்துக்கு இன்னொன்றா?

இன்னொரு வழக்கு ‘மறைபொருள்’. இது மரியாதையான சொல். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் இந்த இடத்துக்குப் பொருந்தவில்லை. மறை என்றால் யாரோ மறைத்தார்கள் என்றாகிறது. அப்படி மறைத்ததாக ஒரு கதை நெடுநாளாக ஓடுகிறது. 1781இல் பாரிசில் கூர் த ஜெபலின் என்பவர், எகிப்தியப் பூசாரிகள் தங்கள் ஞானத்தைச் சீட்டாட்டத்துக்குள் ஒளித்துவைத்தார்கள் என்று எழுதினார். அதற்கு அவர் ஆதாரம் எதுவும் காட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எலிபாஸ் லெவி என்ற பிரெஞ்சு எழுத்தாளர், டாரோ கட்டில் எந்த இனத்திலும் சேராமல் தனியாக நிற்கும் 22 படச்சீட்டுகளை எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார். உண்மையில் டாரோ, 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் பிறந்த ஆட்டம். கோப்பை, வாள், காசு, கோல் என்ற நான்கு இனங்களும் அதற்கும் முன்னால் எகிப்தின் மம்லூக் அரசர் காலத்துச் சீட்டுகளிலிருந்து வந்தவை. அங்கே கோல் என்பது போலோ மட்டை. ஐரோப்பாவில் போலோ தெரியாததால் அது தடியாகிவிட்டது. எகிப்து உறவு இருக்கிறது, ஆனால் அது பூசாரிகள் வழி வந்ததல்ல, விளையாடியவர்கள் வழி வந்தது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இத்தாலியில் அந்த 22 சீட்டுகளின் பழைய பெயர் ‘டிரியோன்ஃபி’, வெற்றிச் சீட்டுகள். அதிலிருந்து பிரெஞ்சில் டிரியோம்ஃப், ஆங்கிலத்தில் டிரம்ப், நம் ஊரில் துருப்பு. திண்ணையில் இருபத்தெட்டு ஆடும் பெரியவர் துருப்பை இறக்கும்போது அவர் வாயில் இருப்பது டாரோவின் முதல் பெயர். இந்த 22ஐக் குறிக்கும் ‘மேஜர் அர்கானா’வைப் ‘பெரிய ரகசியம்’ என்றும் மீதியைக் குறிக்கும் ‘மைனர் அர்கானா’வைச் ‘சின்ன ரகசியம்’ என்றும் எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருந்தால், 22 துருப்பு, 56 இனச்சீட்டு, ஆக 78 என்று நிம்மதியாக எழுதியிருக்கலாம்.

ஆக, யாரும் மறைத்துவைக்கவில்லை. படங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன, காசு கொடுத்தால் கடையில் கிடைக்கின்றன. வேண்டுமென்றே மறைத்ததற்குச் சித்தர்களின் பரிபாஷை நல்ல உதாரணம். மருந்துச் சரக்கின் பெயரையே மாற்றி எழுதி, குரு சொல்லாமல் புரியாதபடி வைத்தார்கள். அது மறைபொருள். ஆங்கிலத்து ‘அக்கல்ட்’ என்ற சொல்லுக்கும், ஒளிக்கப்பட்டது என்பதே அதன் லத்தீன் பொருள், மறைபொருளைக் கொடுத்துவிடலாம். எஸோடெரிக்குக்குக் கொடுத்தால் ஜெபலின் கட்டிய கதைக்கு நாமும் கையெழுத்துப் போட்டதாகிவிடும்.

என் தேர்வு உள்ளுறை. உள்ளே உறைவது. ‘எஸோ’வில் இருக்கிற அதே ‘உள்’. தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்று ஒன்றைச் சொல்கிறது. வெளியே ஒரு காட்சி மட்டும் இருக்கும், ‘போல’ என்ற சொல் வராது, அந்தக் காட்சியோடு ஒத்த இன்னொரு பொருள் உள்ளே முடிந்திருக்கும். குறுந்தொகை 8ஆம் பாட்டில் வயலோர மாமரத்தில் பழுத்த பழம் தானாக உதிர்கிறது, குளத்து வாளைமீன் அதைக் கவ்விக்கொள்கிறது. பார்த்தால் மீனும் பழமும்தான். உள்ளே, முயற்சி இல்லாமலே கைக்கு வந்த ஓர் ஆணைப் பற்றிய பேச்சு.

இதையடுத்து அந்த 1909ஆம் ஆண்டுக் கட்டில் கோப்பை இனத்தின் எட்டாம் சீட்டைப் பாருங்கள். எட்டுக் கோப்பைகள் அடுக்கியிருக்கின்றன. மேல் வரிசையில் ஒன்றுக்கு மட்டும் இடம் காலி. செந்நிறப் போர்வையில் ஒருவர் கோலூன்றி, முதுகைக் காட்டி, மலைப்பக்கம் நடக்கிறார். மேலே நிலவு. விளக்க வார்த்தை ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய பெரும்பாலான கட்டுகளில் இந்த இடத்தில் வெறும் எட்டுக் கோப்பைகள்தான் இருக்கும். காட்சியாக வரைந்து, பொருளை உள்ளே உறையவைத்தது ஸ்மித்தின் கை. வாளைமீனைப் படிக்கத் தெரிந்தவருக்கு இந்தச் சீட்டைப் படிக்கவும் தெரியும்.

தமிழ் படித்தவர் ஒருவர் மறுப்புச் சொன்னார்: “உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும் என்ப குறியறிந் தோரே” என்று தொல்காப்பியர் தெய்வத்தை விலக்கியிருக்கிறாரே, டாரோவில் வானதூதர்கள் எல்லாம் வருகிறார்களே என்று. நல்ல மறுப்பு. ஆனால் அது அகப்பாட்டில் எந்தக் கருப்பொருளை வைத்து உள்ளுறை அமைக்கலாம் என்பதற்கான வரம்பு. சொல்லே அதற்குள் அடைபட்டுவிடவில்லை. பழைய பதிப்புகளில் பொருளடக்கத்துக்கே உள்ளுறை என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அதோடு அந்த நூற்பாவில் ‘குறியறிந்தோர்’ என்று வருவதைப் பாருங்கள். குறியை அறிந்தவரே உள்ளுறையைக் காண்பவர். சீட்டின் குறியீட்டைப் படிப்பவருக்கு இதைவிட நல்ல பெயர் நான் தேடினாலும் கிடைக்காது.

அகராதியை மட்டும் பார்த்து, படத்தைப் பார்க்காமல் மொழிபெயர்ப்பதுதான் இந்தத் துறையின் நோய். 12ஆம் சீட்டைத் ‘தூக்கிலிடப்பட்டவன்’ என்று எழுதுகிறார்கள். கழுத்தில் கயிறு எங்கே இருக்கிறது? ஒரு காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறான், தலையைச் சுற்றி ஒளிவட்டம், முகத்தில் அமைதி. பழைய இத்தாலியில் துரோகிகளை இப்படித் தொங்கவிட்டதாக வரைந்து அவமானப்படுத்துவது வழக்கம், சீட்டுக்கும் ‘துரோகி’ என்ற பெயர் இருந்தது. அந்த அவமானப் படத்தில் ஒளிவட்டம் வந்து சேர்ந்ததுதான் சீட்டின் உள்ளுறை. அரக்கோணத்துக்குப் பக்கத்தில் திருவாலங்காடு இருக்கிறது. அந்த மண்ணைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்த காரைக்கால் அம்மையாரைக் கும்பிடுகிற ஊர்க்காரர்களுக்கு, தலைகீழ் என்றால் தண்டனை மட்டும் அல்ல என்று விளக்கவே வேண்டாம். ‘தலைகீழோன்’ என்று வைத்தால் போதும்.

எண் 0 உள்ள சீட்டு ‘முட்டாள்’ ஆகிவிட்டது. மலை விளிம்பில் அண்ணாந்து பார்த்தபடி, கையில் வெள்ளை ரோஜாவோடு, நாய்க்குட்டி துள்ளிவர நிற்கிற அந்த இளைஞனைப் பார்த்து முட்டாள் என்று எழுத எப்படி மனம் வருகிறது? ‘பேதை’ என்ற சொல் இருக்கிறதே. அறியாமையும் அதில் இருக்கிறது, உலா நூல்கள் சொல்லும் ஐந்து முதல் ஏழு வயதுச் சிறுமியின் கள்ளமின்மையும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சீட்டு.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் வாசலில் நின்று சொல்லவில்லை. உள்ளே வரச்சொல்லி, என் கட்டிலிருந்து சூரியன் சீட்டை எடுத்துக் காட்டினேன். வெள்ளைக் குதிரைமேல் குழந்தை, பின்னால் மதில், மதிலுக்கு மேல் சூரியகாந்திப் பூக்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “குழந்தைக்குச் சேணம் இல்லையே சார், கடிவாளமும் இல்லையே, விழாதா?” என்று கேட்டார். எங்கள் வட்டத்தில் அந்தச் சீட்டைப் பேசிய வாரம் யாரும் அதைக் கவனிக்கவில்லை. மகள் இப்போது மறுபடி வருகிறாள், புதுக் கட்டு இன்னும் வாங்கவில்லை, என்னுடையதைப் பார்த்துக்கொள்கிறாள்.

13ஆம் சீட்டுதான் எங்களுக்குள் தீரவில்லை. ‘மரணம்’ வேண்டாம் என்பதில் எல்லோருக்கும் ஒரே கருத்து. அது ஒரு நிகழ்ச்சியின் பெயர், படத்தில் இருப்பதோ கருப்புக் கவசம் போட்டு வெள்ளைக் குதிரையில் வரும் ஓர் ஆள். காலன் என்று மூன்று பேர் சொல்கிறார்கள். கூற்று என்று நானும் அந்தப் பெண்ணும் நிற்கிறோம். உடலையும் உயிரையும் கூறாக்குவது கூற்று. சீட்டின் ஓரத்தில் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் இருக்கிறது, அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி.