மணி அடிக்காத பள்ளியில் ஒரு சிடுசிடுப்பு நாள்

காலை 10:40. பத்து வயது மகள் பின்னக் கூட்டலின் விடையை மூன்றாவது முறையாக அழிக்கிறாள். ரப்பர் தேய்த்துத் தேய்த்து மெலிந்த தாள் கடைசியில் கிழிந்தே விடுகிறது. மேசையின் மறுகோடியில் ஏழு வயதுத் தம்பி ஸ்கேலால் விளிம்பைத் தட்டிக்கொண்டிருக்கிறான். “அம்மா, அவனை நிறுத்தச் சொல்லு!” என்று அவள் கத்த, “நீ முதல்ல உன் நோட்டைப் பாரு” என்று அதைவிட உரக்க நான் கத்த, அவன் அழத் தொடங்க, குக்கர் எத்தனை விசில் விட்டது என்ற கணக்கு எவருக்கும் நினைவில் இல்லை.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இக்காட்சி புதிதல்ல. இத்தகைய நாளில் பிள்ளையின் பிடிவாதத்தையோ நமது பொறுமையின்மையையோ குறை சொல்லிக்கொள்வது வழக்கம். ஆனால் சிடுசிடுப்பு குணத்தைவிட உடலைச் சார்ந்த ஒன்று என்பதும், ஒரு கூரையின் கீழ் அது ஆளுக்கு ஆள் தாவி மீண்டும் முதல் ஆளிடமே திரும்பி வரும் ஒரு சுழற்சி என்பதும் புரிந்துவிட்டால், அதை எங்கே வெட்டுவது என்ற கேள்விக்கு விடை தேடுவது சற்று எளிதாகிறது.

பள்ளியில் அந்தச் சுழற்சியை மணி வெட்டிவிடுகிறது. முக்கால் மணிக்கு ஒருமுறை பாடம் மாறுகிறது. கடுகடுத்த முகத்துடன் கணக்கு ஆசிரியர் வெளியேறுகிறார், தமிழ் ஐயா உள்ளே வருகிறார். இடைவேளையில் பிள்ளைகள் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுகிறார்கள். வீட்டிலோ கணக்கு ஆசிரியரும் தமிழ் ஐயாவும் சமையல் செய்பவரும் ஒரே ஆள். அந்த ஆளின் எரிச்சல் ஒரு பாடத்திலிருந்து அடுத்த பாடத்துக்கு அப்படியே கூட நடந்து வருகிறது.

அந்த எரிச்சல் பிள்ளைக்குள் எவ்வாறு செல்கிறது? 2014ஆம் ஆண்டு சாரா வாட்டர்ஸ், டெஸ்ஸா வெஸ்ட், வெண்டி மெண்டஸ் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 14 மாதக் குழந்தைகளின் தாய்மார்களைச் சிறிது நேரம் தனியே அழைத்துச் சென்று பேசவைத்தனர். ஒரு பிரிவினர் பேசும்போது எதிரில் இருந்தவர்கள் முகம் சுளித்துத் தலையை ஆட்டினார்கள். பதற்றத்தோடு திரும்பிய தாய் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்ட சில நிமிடங்களிலேயே, குழந்தையின் இதயத்துடிப்பிலும் அப்பதற்றத்தின் சாயல் தென்பட்டது. அந்த அறையில் நடந்தது எதுவும் குழந்தைக்குத் தெரியாது. தாயின் தொடுகை, குரல், முகம், மூச்சு ஆகியவற்றில் ஏதோ ஒன்றோ எல்லாமோ செய்தியைக் கடத்தியிருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு மடி தேவையில்லை. பாத்திரம் வைக்கப்படும் ஓசையே போதும்.

அடுத்து மூளைக்குள் நிகழ்வதைப் பார்க்கலாம். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் கணக்கின் படிகளை நினைவில் நிறுத்துவது, வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் அடக்குவது, ஒரு வழி சரிப்படாவிட்டால் வேறு வழி தேடுவது போன்ற வேலைகளைச் செய்கிறது. மனிதரில் மிகத் தாமதமாக, இருபது வயதைத் தாண்டி முதிரும் பகுதிகளில் அதுவும் ஒன்று. மன அழுத்தத்தின்போது மூளையில் நார்அட்ரினலின், டோபமின் என்னும் வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரந்தால், இப்பகுதியின் நரம்பணுக்களுக்கிடையே உள்ள இணைப்புகள் தற்காலிகமாகத் தளர்ந்துவிடுகின்றன என்பதை யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி ஆர்ன்ஸ்டன் நெடுங்காலமாக ஆராய்ந்து காட்டியிருக்கிறார். அதே வேளையில், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் கை ஓங்குகிறது. ஆகவே அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் “பகுதி எண்களைச் சமமாக்கு, எத்தனை தடவை சொல்வது?” என்று விளக்கும்போது, அந்த விளக்கத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய பகுதி ஏறத்தாழக் கடையைச் சாத்திவிட்டிருக்கிறது. கத்திக்கொண்டே விளக்கும் பெரியவரின் நிலையும் அதுவே என்பதுதான் இதில் வேடிக்கை.

எனவே வரிசை முக்கியமாகிறது. முதலில் உடல், பிறகு பேச்சு, கடைசியில் பாடம். நம்மில் பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

உடலில் நமது விருப்பத்துக்கு உடனே வசப்படுவது மூச்சு. மூச்சை உள்ளிழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளிவிடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. வெளிமூச்சின்போது, மூளைத்தண்டிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் மீது தனது பிடியை இறுக்குவதே காரணம். வெளிமூச்சை நீட்டினால் அந்த மெதுவான பகுதி நீள்கிறது. இதைப் பெரியவர் சமையலறையில் நின்றபடி எவருக்கும் தெரியாமல் செய்துகொள்ளலாம். பிள்ளையிடம் “ஆழமாக மூச்சு விடு” என்று கட்டளையிட்டால் என்ன ஆகும் என்பது பெற்றோர் அனைவருக்கும் தெரியும். சோப்பு நீரும் வளைத்த கம்பியும் கொடுத்துப் பாருங்கள். பெரிய குமிழி வேண்டுமென்றால் மெல்ல, நீளமாக, நடுக்கமில்லாமல் ஊதியாக வேண்டும். அவசரப்பட்டால் அது உடையும். அறிவுரையின் வேலையைக் குமிழி செய்துவிடுகிறது.

“போய் முகம் கழுவிட்டு வா” என்று நம் பாட்டிமார் சொன்னதிலும் உடலியங்கியல் உண்டு. மூச்சடக்கிய நிலையில் குளிர்ந்த நீர் முகத்தில் படும்போது, முகத்தின் உணர்வு நரம்பு மூளைத்தண்டுக்குச் செய்தி அனுப்ப, வேகஸ் நரம்பின் வழியே இதயத்துடிப்பு குறைகிறது. நீரில் மூழ்கும் சீல் முதலான விலங்குகளில் மிக வலுவாகவும், மனிதரில் மிதமாகவும் காணப்படும் அனிச்சைச் செயல் இது. நீர் உண்மையிலேயே குளிர்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மே மாதத்து மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீர் இதற்கு உதவாது. பானைத் தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும்.

பசியும் தூக்கமும் அனைவரும் அறிந்தவை என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐந்து வயதை ஒட்டிய குழந்தையின் மூளை, உடல் ஓய்விலிருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்வதாக 2014இல் கிறிஸ்டோபர் குசாவாவும் குழுவினரும் கணக்கிட்டனர். 6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். முந்தைய இரவு கல்யாண வீட்டிலிருந்து பதினோரு மணிக்குத் திரும்பிய பிள்ளையிடம் மறுநாள் காலையில் பின்னத்தைக் கொடுத்தது யார் தவறு என்று கேட்டுக்கொள்வது நல்லது. சில நாள்களில் காரணமற்ற சிடுசிடுப்பு மாலையில் காய்ச்சலாக வெளிப்படுவதும் உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எங்கள் வீட்டில் அதிகம் பலனளித்தது கதவைத் திறந்து வெளியேறுவதுதான். குழல்விளக்கு எரியும் அறையில் 100 முதல் 300 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) வெளிச்சம் இருந்தால் அதிகம்; மேகமூட்டமான நாளிலும் வெளியே அது 10,000 லக்ஸை எட்டக்கூடும், நேர்வெயிலில் ஒரு லட்சத்தை நெருங்கும். நம் கண் சமாளித்துக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. ஆனால் விழித்திரையில் பார்வைக்கென்று அல்லாமல் வெளிச்சத்தின் அளவை அறியவே சில நரம்பணுக்கள் இருக்கின்றன. மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட அவை நேரடியாக ஒளியை உணர்வதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் காட்டினர். உடற்கடிகாரத்துக்கும் விழிப்பு நிலைக்கும் அவையே செய்தி கொண்டுசெல்கின்றன. நடையும் தன் பங்குக்கு உதவுகிறது. சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வொன்றில், ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகள் 20 நிமிடம் நடந்த பிறகு, அமர்ந்தே இருந்த நாளைக் காட்டிலும் கவனச் சோதனையில் துல்லியமாக விடையளித்தார்கள். பாடநேரம் வீணாகிறதே என்று பதறும் பெற்றோருக்கு இந்த ஆய்வைத்தான் நினைவூட்டத் தோன்றுகிறது.

நடந்து திரும்பும் வழியில் பேச்சுக்கு இடம் கிடைக்கிறது. 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினரின் சோதனையில், கோபமோ பயமோ கொண்ட முகப்படங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுத்தவர்களின் அமிக்டலாவின் செயல்பாடு குறைந்து, முன்மூளைப் புறணியின் ஒரு பகுதியின் செயல்பாடு கூடியது. படத்திலிருந்த பிறர் முகத்துக்குப் பெயர் சூட்டியதற்கே இந்த விளைவு. தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் இல்லை: கோபம், எரிச்சல், கடுப்பு, சலிப்பு, பொருமல், மனத்தாங்கல், ஏமாற்றம். என் மகள் அன்று தேர்ந்தெடுத்த சொல் ‘கடுப்பு’ அல்ல, ‘அவமானம்’. தம்பியின் முன்னிலையில் விடை தப்பியதுதான் அவளுக்கு வலித்திருக்கிறது; நானோ கணக்கு புரியவில்லை என்று நினைத்து அதையே திரும்பத் திரும்ப விளக்கிக்கொண்டிருந்தேன்.

இங்கே பெரியவர்கள் தம்மீதே சந்தேகம் கொள்ள ஒரு நல்ல காரணத்தை 1994இல் வெளியான ஹூவர், மிலிச் ஆகியோரின் ஆய்வு தருகிறது. சர்க்கரை சாப்பிட்டால் தம் மகன் அடங்கமாட்டான் என்று நம்பிய தாய்மார்களில் ஒரு பகுதியினரிடம், பையனுக்குச் சர்க்கரை நிறையக் கொடுத்திருப்பதாகச் சொன்னார்கள். உண்மையில் எந்தப் பையனுக்கும் சர்க்கரை கொடுக்கப்படவில்லை. ஆயினும் அந்தத் தாய்மார்கள் மகனின் துறுதுறுப்பை அதிகமாக மதிப்பிட்டார்கள். அவனருகிலேயே நின்று, அதிகம் குறையும் சொன்னார்கள். காலை ஒன்பது மணிக்கே “இன்னைக்கு நாளே சரியில்ல” என்று ஒருவர் அறிவித்துவிட்டால், அதன் பிறகு அவர் கண்ணில் படுவதெல்லாம் அந்த அறிவிப்புக்குச் சாட்சியாகவே இருக்கும்.

கத்தியாகிவிட்டதே, இனி என்ன என்று கேட்கலாம். எட்வர்ட் ட்ரோனிக் தாய்–சேய் விளையாட்டுகளைப் படம்பிடித்து நொடி நொடியாக ஆராய்ந்தபோது, நல்ல முறையில் பழகும் இணைகளில்கூட இருவரும் ஒத்திசைந்திருந்தது ஏறத்தாழ 30 சதவீத நேரமே எனக் கண்டார். மீதி நேரம் பிசகுவதும் மீண்டும் சேர்வதுமாகவே கழிந்தது. விலகியபின் மீண்டும் சேரும் அனுபவமே குழந்தைக்கு நம்பிக்கையைத் தருகிறது என்பது அவரது வாதம். அன்று வேப்பமரத்தடியில் நின்று “நான் கத்தியது தப்பு” என்று சொன்னேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து என் கைப்பையை வாங்கிச் சுமந்துகொண்டாள்.

பாடத்துக்கு மூன்று மணிக்குத்தான் திரும்பினோம். கிழிந்த தாளை விட்டுவிட்டு, சுட்ட தோசை ஒன்றை நான்காகவும் மற்றொன்றை ஆறாகவும் வெட்டி, காலும் ஆறில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று தட்டிலேயே பார்த்தோம். பன்னிரண்டில் ஐந்து என்று அவள் சொல்வதற்குள் அந்த இரு துண்டுகளையும் தம்பி தின்று முடித்திருந்தான்.

அதன் பிறகு ஒரு மாத காலம், சண்டை மூண்ட நேரத்தைத் தினசரி நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்து வைத்தோம். பெரும்பாலானவை பத்தரைக்கும் பதினொன்றரைக்கும் இடையில் நிகழ்ந்திருந்தன. இப்போது பத்தேகாலுக்குப் பாடத்தை நிறுத்திவிட்டு, சுண்டலோ வாழைப்பழமோ எடுத்துக்கொண்டு மாடிக்குப் போகிறோம். மணி அடிக்கும் பொறுப்பைத் தம்பி கேட்டு வாங்கிக்கொண்டான். பழைய எவர்சில்வர் தட்டையும் அதே ஸ்கேலையும் வைத்து அடிக்கிறான்.