தழுவல்: சொல் விளக்கம்

பேர்பெற்ற நாவல் ஒன்று படமானால் அதை ‘அடாப்டேஷன்’ என்கிறோம். ‘பொருத்து’ என்று பொருள்தரும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல். தமிழில் தழுவல்.

தழுவு என்றால் அணைத்துக்கொள். ஏறு தழுவுதல் எல்லாருக்கும் தெரியும். சங்கப் பாட்டில் கைகோத்து ஆடும் கூத்துக்கே தழூஉ என்று பெயர். ஊட்டிப் பக்கம் தோடர் ஆண்கள் கைகோத்து வட்டமாக ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் சட்டென்று புரியும். பிடி விடாது, ஆனாலும் அவரவர் காலில்தான் அவரவர் ஆடுகிறார்கள்.

குன்னூரில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால், “நாவல்ல இப்படி இல்லையே, கெடுத்துட்டாங்க” என்று ஒருவராவது சொல்வார். அவருக்கு நன்னூலைக் காட்டலாம். வழிநூல், அதாவது முன்னே வந்த ஒரு நூலை ஒட்டி எழுதும் நூல், அந்த முதல்நூலின் முடிபோடு (முடிந்த கருத்தோடு) ஒத்துப்போக வேண்டும். ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’, அதாவது பின்னால் எழுதுபவர் விரும்பும் வேறுபாடு, கூறலாம் என்கிறது அது. தொல்காப்பியம் வழிநூல் வகைகளைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி (சுருக்கியும் விரித்தும் சொல்வது), மொழிபெயர்த்தல் என்று சொல்லும். நாவலைப் படமாக்கும் வேலைக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

மலைக்கள்ளனையே எடுத்துக்கொள்வோம். நீலகிரிக்குக் கீழே கோயம்புத்தூரில், பட்சிராஜா ஸ்டுடியோவின் ஸ்ரீராமுலு நாயுடு இயக்கி 1954இல் வந்த படம். நாவல் எழுதிய நாமக்கல் கவிஞர் காந்தியவாதி, காங்கிரஸ்காரர். வசனம் எழுதியவரோ மு. கருணாநிதி! நாட்டில் ஏமாற்றிப் பிழைப்பவர்களைக் கேள்வி கேட்டு எம்.ஜி.ஆர். பாடுவாரே, டி.எம்.எஸ். குரலில், அந்தப் பாட்டு படத்துக்காக எழுதியது. கவிஞரின் கள்ளன் அப்படியேதான் இருக்கிறான், ஆனால் பேசுவது வேறொருவரின் தமிழ். விகற்பம் என்றால் இதுதான். இங்கே பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்பார்த்துக் குறை சொல்வதில் பயனில்லை. எதைச் சுருக்கினார்கள், எதை விரித்தார்கள், முடிபு நின்றதா என்றுதான் விமர்சனம் பார்க்க வேண்டும்.

அப்புறம், இதே கதையை அதே இயக்குநர் 1955இல் திலீப் குமாரை வைத்து இந்தியில் ‘ஆசாத்’ என்று எடுத்தார். படத்திலிருந்து படம் என்பதால் அது ரீமேக். தமிழில் மறுஆக்கம் எனலாம். இரண்டையும் கலந்து எழுதக் கூடாது.

எழுதும்போது ‘நாவலைத் தழுவிய படம்’ என்றாலே போதும். ‘தழுவி எடுக்கப்பட்ட திரைப்படமாகும்’ என்று இழுக்க வேண்டாம்.