அரசுப் பணிப்பங்கு: படை வேண்டாம், தொகை போதும்

‘நார்வேயின் தொழிலாளர் படையில் ஏறத்தாழ 30 விழுக்காடு பொதுத்துறையில் உள்ளது.’ திருத்தித் தரச் சொல்லி வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி. இந்த ஆண்டில் இந்தச் சொற்கோவையை எத்தனையாவது முறை பார்க்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த நண்பரிடம் படித்துக் காட்டினேன். “அவ்வளவு பேரா எண்ணெய்க் கம்பெனியில வேலை பார்க்கறாங்க?” என்றார்.

அவர்மேல் குற்றமில்லை. பொதுத்துறை என்றதும் தமிழ்க் காதில் விழுவது வங்கியும் உருக்காலையும் எண்ணெய் நிறுவனமும்தான். அந்த 30 விழுக்காட்டில் நிறைந்திருப்பவர்களோ ஆசிரியர்கள், செவிலியர்கள், முதியோரைக் கவனிக்கும் உள்ளாட்சிப் பணியாளர்கள். அரசு 67 விழுக்காடு பங்கு வைத்திருக்கும் எக்குவினார் எண்ணெய் நிறுவனத்தின் ஊழியர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

ஐ.நா. வகுத்த தேசியக் கணக்கு முறையில் இவை இரண்டு அடுக்குகள். மத்திய, மாநில, உள்ளாட்சி அரசுகளும் சமூகப் பாதுகாப்பு நிதியங்களும் முதல் அடுக்கு. அரசின் கட்டுப்பாட்டில் இருந்தாலும் பொருளையோ சேவையையோ சந்தை விலைக்கு விற்று நடக்கும் நிறுவனங்கள் இரண்டாவது. இரண்டும் சேர்ந்ததற்குத்தான் ஆங்கிலத்தில் ‘பப்ளிக் செக்டர்’ என்று பெயர். தமிழில் பொதுத்துறை என்ற சொல் இரண்டாவது அடுக்கோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இனி அதைப் பிய்த்தெடுக்க முடியாது, பிய்க்கவும் வேண்டாம். முதல் அடுக்குக்கு ஆங்கிலத்தில் ‘ஜெனரல் கவர்ன்மென்ட்’ என்று பெயர், அதைச் சிலர் ‘பொது அரசு’ என்று எழுதுகிறார்கள். அப்படியானால் தனியார் அரசு எங்கே இருக்கிறது? ‘ஜெனரல்’ என்றால் இங்கே எல்லா நிலைகளையும் சேர்த்த என்று பொருள். வெறுமனே ‘அரசு’ என்றால் போதும். அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘எல்லா நிலை அரசும்’.

துறை என்பது முதலில் ஆற்றில் இறங்கும் இடம். அதிலிருந்து இலக்கணத்தில் திணையின் உட்பிரிவாகி, பிறகு நிர்வாகப் பிரிவுமானது. நல்ல சொல், அதோடு எனக்குச் சண்டையில்லை. என் சண்டை படையோடு.

ஆங்கிலத்தில் ‘லேபர் ஃபோர்ஸ்’. ‘ஃபோர்ஸ்’ என்று கண்டதும் படை என்று எழுதிவிடுகிறார்கள். விமானப்படை, காவல் படை, அந்த வரிசையில் தொழிலாளர் படை! வேலை செய்வோரையும் வேலை தேடுவோரையும் சேர்த்து எண்ணினால் வரும் ஒரு தொகைக்குப் பெயர் இது. அணிவகுப்பும் இல்லை, தளபதியும் இல்லை. இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேலையின்மை விகிதத்தைக் கணக்கிடும்போது சீருடை அணிந்த ராணுவத்தினரைத் தள்ளிவிட்டு மீதிப் பேரைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதை ‘குடிமக்கள் தொழிலாளர் படை’ என்று ஓரிடத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். படையில் இல்லாதவர்களின் படை!

முன்பாதியான ‘தொழிலாளர்’ மட்டும் சரியா என்ன? நீதிபதியைத் தொழிலாளர் என்போமா? சொந்த நிலத்தில் உழுபவரை, கடை முதலாளியை? இந்தக் கணக்கில் அவர்கள் எல்லோரும் உண்டு. ‘உழைப்புச் சக்தி’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். அது மார்க்சியப் பொருளியலில் வேறொன்றுக்கு வைத்த பெயர். ‘தொகுதி’ என்றால் தேர்தல் ஞாபகம் வருகிறது.

உழைப்பாளர் தொகை என்பேன். மக்கள்தொகை என்று சொல்லிப் பழகிய நாக்குக்கு இது புதிதல்ல. தொகை என்றால் பணம் என்று நினைத்துக்கொள்வார்களாம், ஒரு மொழிபெயர்ப்பாளர் என்னிடம் வாதாடினார். மக்கள்தொகை என்றதும் யாராவது பணப்பையைத் தேடுகிறார்களா? எட்டுத்தொகையை எண்ணிப் பார்த்து வங்கியில் போட்டவர் உண்டா?

சொல் குழம்பினால் கணக்கும் குழம்பும் என்பதற்காகத்தான் இவ்வளவு பிடிவாதம். உழைப்பாளர் தொகை 100 என்று வையுங்கள். 10 பேர் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள், 90 பேர் வேலையில் இருக்கிறார்கள், அதில் 18 பேர் அரசில். அரசின் பங்கு உழைப்பாளர் தொகையில் 18 விழுக்காடு, வேலையில் இருப்போரில் 20 விழுக்காடு. அரசு நிறுவனங்களில் இருக்கும் 9 பேரையும் சேர்த்தால் வேலையில் இருப்போரில் 30. ஒரே நாடு, மூன்று விடை. நாடுகளை ஒப்பிட, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி பெரும்பாலும் வேலையில் இருப்போரை வகுஎண்ணாக வைத்து, அரசை மட்டும் எண்ணுகிறது. அதில் நார்வே 30 விழுக்காட்டை ஒட்டி நிற்கும், ஜப்பான் 6 விழுக்காட்டைத் தாண்டாது. இரண்டையும் ‘பொதுத்துறைத் தொழிலாளர் படை’ என்று எழுதிவிட்டால் எதை எதால் வகுத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எல்லை எங்கே என்பதும் லேசான விஷயமல்ல. 2008 நிதி நெருக்கடியில் பிரிட்டன் அரசு பெரிய வங்கிகளின் பங்குகளை வாங்கிக் கைதூக்கி விட்டபோது, அந்த வங்கி ஊழியர்கள் நாற்காலியைவிட்டு எழாமலேயே புள்ளிவிவரத்தில் அரசு நிறுவனங்களின் பக்கம் வந்துவிட்டார்கள். 2013-இல் ராயல் மெயில் தனியார்மயமானபோது அஞ்சல்காரர்கள் அதே பையோடு மறுபக்கம் போனார்கள். 2010 மே மாதம் அமெரிக்க அரசில் வேலை பார்ப்போர் எண்ணிக்கை திடீரென ஏறத்தாழ 4 லட்சம் ஏறியது. எல்லாம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எடுத்த தற்காலிக ஆட்கள். சில மாதங்களில் பெரும்பாலோர் கலைந்து போனார்கள். இதற்கெல்லாம் விளக்கம் எழுத வேண்டிய மொழிபெயர்ப்பாளர், அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார். அகராதி சொல்லைத்தான் தரும், அட்டவணையின் அடிக்குறிப்பைப் படித்துக் காட்டாது.

ஆக, நான் வைக்கும் சொற்கள்: அரசில் வேலை பார்ப்போரின் விகிதத்துக்கு ‘அரசுப் பணிப்பங்கு’. விகிதத்தில் கீழே வருவது ‘வேலையில் இருப்போர்’ அல்லது ‘உழைப்பாளர் தொகை’, எதுவோ அதைச் சொல்லியே ஆக வேண்டும். நிறுவனங்களையும் சேர்த்தால் ‘அரசு நிறுவனங்கள் உட்பட’ என்று இரண்டு மூன்று சொல் கூடுதலாகப் போடுங்கள், மை தீர்ந்துவிடாது.

அந்த வரியை ‘நார்வேயில் வேலையில் இருப்போரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் அரசுப் பணியில் உள்ளனர்’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சில் வந்தபோது அரசுப் பணி அப்படியே இருந்தது. வேலையில் இருப்போர் மட்டும் மறுபடியும் படையில் சேர்ந்திருந்தார்கள்.