காப்புப்படியும் படியெடுப்புத் தடையும்

மூலம் கெட்டுப்போனால் மீட்டுக்கொள்வதற்காக மென்பொருளையோ தரவையோ முன்கூட்டியே எடுத்து வைக்கும் படியைப் பேச்சில் 'பேக்கப்' என்கிறோம். காப்புநகல், காப்புப்படி என்ற இரண்டு சொற்கள் இதற்குத் தமிழில் வழங்குகின்றன. நான் காப்புப்படி என்றே எழுதுவேன். 'நகல்' அரபு மூலத்திலிருந்து வந்து நம்மிடம் நிலைத்த நல்ல சொல்தான். ஆனால் ஓலை செல்லரித்துப் போகுமுன் அதைப் பார்த்து வேறோர் ஏட்டில் எழுதி வைத்ததைப் படியெடுத்தல் என்றே சொன்னார்கள், பேக்கப்பின் நோக்கமும் அதுவேதான். 'காப்பு' என்பது 'கா' என்னும் வினையிலிருந்து பிறந்தது. நூலின் தொடக்கத்தில் பாடும் காப்புச் செய்யுளும் திருவிழாவுக்கு முன் கட்டும் காப்பும் இடையூறு வருமுன் தேடிக்கொள்ளும் பாதுகாவலே.

சிக்கல் 'காப்பி புரொடெக்ஷன்' என்ற தொடரில் எழுகிறது. வாங்கியவர் மென்பொருளைப் படியெடுக்க முடியாதபடி விற்பனையாளர் செய்யும் ஏற்பாடு அது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'நகல் காப்பு' என்று எழுதினால், காப்புநகலின் இரண்டு சொற்களும் இடம் மாறி நிற்கின்றன. பொருளோ நேர் எதிரானது.

ஆப்பிள் 2 கணினியைப் பாருங்கள். 1978இல் வந்த அதன் டிஸ்க் 2 இயக்கி, ஐந்தேகால் அங்குல ஃபிளாப்பி வட்டில் 35 வட்டத் தடங்களை எழுதியது. ஆப்பிளின் வட்டு இயக்க மென்பொருளான டாஸ் 3.3 முறையில் தடத்துக்கு 16 பகுதிகள். ஒவ்வொரு பகுதியின் முகவரியும் பதினாறடிமான எண்முறையில் டி5, ஏஏ, 96 என்று எழுதப்படும் மூன்று பைட்டுகளுடன் தொடங்கும். விற்பனையாளர் அவற்றில் ஒன்றை மாற்றிவிட்டால், வழக்கமான படியெடுக்கும் நிரல் பகுதியின் தொடக்கத்தைக் காணாமல் 'ஐ/ஓ எரர்' என்று நின்றுவிடும். வட்டிலேயே இருக்கும் தொடக்க நிரலுக்கு மட்டும் புதிய அடையாளம் தெரியும். உறையின் திறந்த சாளரத்தில் ஒரு விரல் பட்டாலே பழுதாகக்கூடிய அந்த மெல்லிய காந்தத் தகட்டுக்கு, காசு கொடுத்து வாங்கியவரிடம் மாற்று கிடையாது. எதையும் காக்காத இந்த ஏற்பாட்டைக் காப்பு என்பது எனக்கு ஒப்பவில்லை. படியெடுப்புத் தடை என்பதே சரி.

1980களின் தொடக்கத்தில் வந்த லாக்ஸ்மித், காப்பி டூ பிளஸ் ஆகிய படியெடுக்கும் நிரல்கள், பகுதிகளைத் தேடாமல் தடம் முழுவதையும் உள்ளபடியே வாசித்து எழுதின. இவற்றை 'நிபிள் காப்பியர்' என்றார்கள். நிபிள் என்றால் அரை பைட்டு, அதாவது 4 பிட்டு. ஆப்பிள் பயனர்களோ வட்டில் பதியும் 8 பிட்டுத் தொகுதியையே அப்படி அழைத்ததால், இங்கே அரை பைட்டு என்று பெயர்ப்பது பிழையாகும்.

1980இல் திருத்தப்பட்ட அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம், நிரலின் படியொன்றுக்கு உரிமையாளரானவர் 'ஆர்க்கைவல்' நோக்கத்துக்காக இன்னொரு படி எடுக்க இடமளித்தது. ஆர்க்கைவ் நமக்குக் காப்பகம் என்பதால், அந்தச் சட்டச் சொல்லுக்கும் காப்புப்படி பொருந்துகிறது. வால்ட் நிறுவனம் குவெய்டு நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கில், படியெடுப்புத் தடையை மீறும் மென்பொருளுக்கும் காப்புப்படி எடுப்பது என்ற முறையான பயன் உண்டு என்று 1988இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது.