எட்டுக்குக் குறையாத வித்தியாசம்

சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களில் 1 முதல் 64 வரையிலான எண்களை, கட்டத்துக்கு ஒன்றாக, உங்கள் விருப்பப்படி எழுதுங்கள். எப்படி எழுதினாலும் சரி, மேல்கீழாகவோ பக்கவாட்டிலோ ஒட்டியிருக்கும் ஏதோ இரண்டு கட்டங்களில் வித்தியாசம் 8-க்குக் குறையாமல் இருந்தே தீரும். எழுதும் வழிகளின் எண்ணிக்கையோ 90 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்க வழியில்லை.

முதலில் தோன்றும் யோசனை, 1-லிருந்து 64-க்கு நடந்து போவது. மூலைக்கு மூலை என்றாலும் 14 அடிதான். ஒவ்வொரு அடியிலும் 4 ஏறினால் 56 தான் ஏறலாம். 63 ஏற வேண்டுமே! ஆக, எங்கோ ஓர் அடியில் 5 ஏறியாக வேண்டும். நல்ல வாதம், ஆனால் 8 வரை எட்டவில்லை.

சரி, எண்களை 1, 2, 3 என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவதாக நினைத்துக்கொள்வோம். கிடையாக இருப்பது நிரை, செங்குத்தாக இருப்பது நிரல். ஏதாவது ஒன்று முதன்முதலாக முழுசாக நிரம்பியதும் நிறுத்திவிடுங்கள். நிரம்பியது ஒரு நிரை, கடைசியாக எழுதியது 30 என்று வைப்போம். (நிரல் என்றால் பலகையைத் திருப்பிவைத்தால் போதும்.)

30 விழுந்த நிரலை ஒதுக்குங்கள். அதே 30-ஆல் அந்த நிரலும் நிரம்பியிருக்கலாம். அங்கே காலிக் கட்டம் உண்டு என்று நம்ப முடியாது. இதைக் கவனிக்காமல் விட்டால் நிறுவலில் ஓட்டை விழும்.

மீதி 7 நிரல்கள். நிரம்பிய நிரை குறுக்கே போவதால் ஒவ்வொன்றிலும் எண் உள்ள கட்டம் உண்டு. காலிக் கட்டமும் உண்டு, இல்லையென்றால் அந்த நிரல் முன்பே நிரம்பியிருக்கும். ஆகவே ஒவ்வொரு நிரலிலும் எங்கோ ஓரிடத்தில் எண்ணும் காலிக் கட்டமும் அடுத்தடுத்து நிற்கும். அப்படி நிற்கும் 7 எண்களும் வெவ்வேறு, எல்லாமே 30-க்குக் கீழ். எவ்வளவு பெரிதாக எடுத்தாலும் 29, 28 என்று இறங்கி 23-க்கு வந்துவிடும். அதாவது மிகச் சிறியது 23-ஐத் தாண்டாது. அதை ஒட்டிய காலிக் கட்டத்தில் இனி வரப்போவது குறைந்தது 31. வித்தியாசம் 8! 30-க்குப் பதில் எந்த எண்ணில் நிறுத்தினாலும் கணக்கு இதேதான். இந்த நிறுவலில் எனக்கு மிகவும் பிடித்தது, எங்கே நிறுத்துவது என்ற அந்த ஒரு தேர்வுதான். அப்புறம் எல்லாம் தானாக வந்து விழுகிறது.

9 என்று கேட்க முடியாது. முதல் நிரையில் 1 முதல் 8, அடுத்ததில் 9 முதல் 16 என்று எழுதிப் பாருங்கள்: பக்கவாட்டில் 1, மேல்கீழாக 8, அவ்வளவுதான். செவ்வகமானால் 8-க்குப் பதில் சிறிய பக்கத்தின் நீளம். இதை 1975-இல் யார்மிலா ஹ்வாதலோவா நிறுவினார். ஒரு தகட்டைக் கட்டங்களாகப் பிரித்து வெப்பநிலையைக் கணிக்கும்போதும், புள்ளிகளுக்கு எண் கொடுக்கும் விதத்தில் இதே வித்தியாசம்தான் கணினிக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்கிறது.