முகாமில் வர்ணப் பெட்டி எதற்கு?

மாவுக்கும் மருந்துக்கும் வரிசையில் நிற்கும் முகாமொன்றில் வர்ணப் பெட்டிகளையும் வெள்ளைத்தாள் கட்டுகளையும் இறக்கும்போது, இது இப்போது அவசியமா என்று யாராவது கேட்காமல் இருப்பதில்லை. இடம்பெயர்ந்த குடும்பங்களோடு பணியாற்றும் உளவளத்துணையாளர் என்ற முறையில் அந்தக் கேள்வியை நான் நியாயமானதாகவே கருதுகிறேன். அனர்த்தகால உளசமூகப் பணிகளுக்காக 2007இல் வெளியான சர்வதேச வழிகாட்டியும் உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு ஆகியவற்றை அடித்தட்டிலும், குடும்பமும் சமூகமும் தரும் ஆதரவை அதற்கு மேலுள்ள தட்டிலும் வைக்கிறது. கலைக்கு உரிய இடம் அந்த இரண்டாம் தட்டு. பசித்த பிள்ளைக்குப் பென்சிலை மட்டும் நீட்டுவது புகைப்படத்துக்குத்தான் உதவும்.

கலையால் எது முடியும், எது முடியாது என்பதற்குத் தெரெசினைவிடக் கடுமையான சான்றை நான் அறியேன். இன்றைய செக் நாட்டிலுள்ள அந்த நகரை நாஜிகள் யூதர்களை அடைத்து வைக்கும் கெட்டோவாக மாற்றியிருந்தனர். ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப் பள்ளியில் பயின்ற ஓவியர் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் 1942 டிசெம்பரில் அங்கு கொண்டுவரப்பட்டு, சிறுவர்களுக்குச் சித்திர வகுப்புகள் நடத்தினார். கிடைத்த பழைய படிவங்களின் மறுபக்கம்கூட வரைதாளானது. அதில் பிள்ளைகள் தம் பெயரை எழுத வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். முகாமை வரைந்தவர்கள் உண்டு. பூக்களையும் விட்டுவந்த வீட்டையும் வரைந்தவர்களும் உண்டு. 1944 ஒக்டோபரில் அவர் அவுஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு ரயிலில் அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார்; வரைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கும் அதே முடிவுதான். இரண்டு பயணப் பெட்டிகளில் மறைத்து வைக்கப்பட்ட சுமார் 4,500 சித்திரங்கள் போருக்குப்பின் பிராகாவை அடைந்தன. அந்த வகுப்பு ஒருவரையும் ரயிலிலிருந்து இறக்கிவிடவில்லை. ஆயினும், எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்த ஓரிடத்தில், எதை வரைவது, எந்த நிறத்தில் வரைவது என்பதைப் பிள்ளை தானே தீர்மானிக்கும் சில மணி நேரத்தை அது கொடுத்தது.

தீர்மானிக்கும் அந்த உரிமையைப் பறித்தால் பயனும் போய்விடும். எங்கள் துறையில் அடிக்கடி மறக்கப்படுவது இதுதான். உதவி வழங்குவோர் பார்வையிட வரும் நாளில், நடந்ததை வரையுங்கள் என்று பிள்ளைகளிடம் கேட்கப்படுவதுண்டு. நான் பணியாற்றிய ஒரு முகாமில் பிள்ளைகள் அதை விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள்: விருந்தினர் வந்தால் ஹெலிகொப்டரும் எரியும் வீடும், ஏனைய நாட்களில் பட்டமும் ஆட்டுக்குட்டியும். ஒரே அமர்வில் அனுபவத்தை முழுவதுமாகச் சொல்லவைக்கும் முறை பிற்கால உளப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடியலாம் என்றும் ஆய்வுகள் காட்டியதால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரைப்பதில்லை. வாய்க்குப் பதில் தூரிகையால் சொல்லவைத்தாலும் அது அதே வற்புறுத்தல்தான். இதற்கு மாறாக, 1996இல், இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், வரைந்தார்கள், கதை கட்டினார்கள். அங்கே விளையாட்டே முதன்மையாக இருந்தது.

பெரியவர்களின் பாட்டுக்கும் இது பொருந்தும். ஒப்பாரி துக்கத்தை ஊரோடு பகிரவைக்கும் வலிமையான வடிவம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், மகன் காணாமலாக்கப்பட்ட தாய்க்கு, ஒப்பாரி வைப்பது அவன் இறந்ததைத் தன் வாயாலேயே ஏற்பதாகிவிடும். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில் தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி அமர்ந்தது பதில் கேட்டு. அவர்களிடம் போய், அழுது பாடினால் மனம் ஆறும் என்று சொல்வது அந்தக் கேள்வியைக் கைவிடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் தொண்டர்களுக்கும் நான் கூறுவது: தலைப்புக் கொடுக்காதீர்கள், கறுப்பு நிறத்தைக் கண்டு நோய் கணிக்காதீர்கள், பிள்ளையும் பெற்றோரும் இணங்காமல் சித்திரத்தை எவருக்கும் காட்டாதீர்கள். வாரங்கள் கடந்தும் பேச்சு திரும்பாத, உறக்கமோ உணவோ சீராகாத பிள்ளையை உளநல மருத்துவரிடம் அனுப்புங்கள். தன்னையே காயப்படுத்தும் பிள்ளையென்றால் அன்றே அனுப்ப வேண்டும். சிகிச்சை தொடங்கிய பின்னும் சித்திர வகுப்பில் அந்தப் பிள்ளையின் பாய் விரித்தபடியே இருக்கட்டும்.